தேருக்கு வாசித்த ரப்பர் பலகை

சில வருடங்களுக்கு முன், ஒரு சித்திரை மாதம், இலங்கை மலையகத்தில் பூண்டுலோயா பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் நடந்தது இது. தேர் முடிந்ததும் நடக்கவிருந்த பாட்டுக் கச்சேரியில் கீபோர்டு வாசிக்க, கொட்டகலையிலிருந்து எங்கள் குழுவோடு போயிருந்தேன்.

என் கதையையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பட்டனை அமுக்கினால் தானாகவே பாடும் சின்ன கீபோர்டில் தொடங்கியவள் நான். பிறகு தாளங்கள் வரும் பெரிய கீபோர்டு, அதற்கும் பிறகு சுருதியை வளைக்க ஓரத்தில் சக்கரம் வைத்த சின்தசைசர் என்று மாறிக்கொண்டே வந்தேன். கல்யாண வீடு, சடங்கு வீடு என்று ஓயாமல் வாசித்தும் மனதில் ஒரு முள் இருந்தது. "கீபோர்டுல எல்லாம் வரும் தங்கச்சி, கமகம் மட்டும் வராது" என்று பாடகர்கள் சிரிப்பார்கள். ஸ்வரத்தை அசைத்து நெளிக்கும் அந்தக் கமகத்துக்காக, ரோஷத்தில் சக்கரத்தைத் திருப்பித் திருப்பித் தோடி ராகம் வாசித்துப் பார்த்தேன். வால் மிதிபட்ட பூனை தேவலை.

துபாயில் வேலை பார்த்த என் அக்கா, நான் நச்சரித்தது தாங்காமல், லீவில் வந்தபோது ஒரு புதுக் கருவியைத் துணிமணிக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்தாள். அதில் கட்டைகள் கிடையாது. மெத்தென்ற கறுப்பு ரப்பர்தான். விரலை அழுத்தி நகர்த்தினால் ஸ்வரம் வழுக்கிக்கொண்டு போகும், அசைத்தால் அசையும். போனில் இணைத்து நாயனத்தின், அதாவது நாதஸ்வரத்தின், ஓசையை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் வீட்டிலுள்ளவர்களின் தூக்கத்தைக் கெடுத்தேன். மேடையேற்ற மட்டும் தைரியம் வரவில்லை. அன்றைக்கு ஏதோ நினைப்பில் பையில் போட்டுக்கொண்டு போயிருந்தேன்.

அந்தி நெருங்கியது. தேர் தயார், நாயன கோஷ்டியைக் காணோம். வழியில் மண்சரிவு, பஸ் நின்றுவிட்டது என்று போன் வந்தது. நாயனம் இல்லாமல் அங்கே அம்மன் புறப்படுவதில்லை. தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களிலிருந்து, லயம் லயமாகச் சனம் விரதமிருந்து தேங்காய்த் தட்டோடு காத்து நின்றது. தப்பு மேளம் அடிக்கிற அண்ணன்மார் மட்டும் வந்திருந்தார்கள். கோயில் தலைவர் கையைப் பிசைந்தார்.

"நான் வாசிக்கட்டுங்களா?" என்று கேட்டுவிட்டேன். பையிலிருந்து ரப்பர் பலகையை எடுத்து நீட்டினேன்.

தலைவர் என் கருவியை மேலும் கீழும் பார்த்தார். "இந்தக் கரண்டுப் பலகையிலயா? சாமி காரியம் தங்கச்சி, வெளையாட்டு இல்ல."

"சரியில்லன்னா நிப்பாட்டிடுங்க அண்ணே."

தட்டோடு நின்ற பெண்கள் விடவில்லை. "நேரம் போகுதுங்க தலைவரே, வாசிக்கட்டும்!"

டிராக்டரில் ஜோடித்த தேரின் முன் ஓரத்தில் என்னை உட்காரவைத்தார்கள். விளக்குகளுக்கு ஓடிய ஜெனரேட்டரிலேயே ஸ்பீக்கரையும் மாட்டினோம். சாமி புறப்பாட்டுக்கு வாசிக்கும் மல்லாரியை எடுத்தேன். வியர்த்த விரல் முதல் ஸ்வரத்திலேயே சறுக்கியது. அவ்வளவுதான், மானம் போச்சு என்று நினைத்தேன். தப்புக்கார அண்ணன் ஒருவர் என்னைப் பார்த்துத் தலையாட்டி, அடியை நிதானமாக்கிப் பிடித்துக்கொண்டார். அடுத்த பிடி சுத்தமாக விழுந்தது. கம்பீர நாட்டை ராகம் கமகத்தோடு எழும்பி எதிர் மலையில் முட்டித் திரும்பியது. "அரோகரா!" என்று சனம் கத்த, தேர் நகர்ந்தது.

மேல் லயத்துக்குத் திரும்பும் வளைவில் ஒருவர் மாலையும் புதுத் துண்டுமாக ஓடிவந்தார். நாயனக்காரருக்கு ஒவ்வொரு லயத்திலும் துண்டு போர்த்தி மரியாதை செய்வது அங்கே வழக்கம். சத்தம் கேட்டு, கோஷ்டி வந்துவிட்டது என்றே மேல் லயத்தார் நினைத்திருக்கிறார்கள். துண்டோடு வந்தவர் என்னைத் தாண்டி எட்டிப் பார்த்தார், டிராக்டரை ஒரு சுற்றுச் சுற்றினார். "நாயனக்காரரு எங்கங்க?"

பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "முன்னால ஒக்காந்திருக்காங்களே, தெரியலயா?" என்றார் தப்புக்கார அண்ணன். துண்டுக்காரர் நம்பவில்லை. நான் ஒரு சங்கதியை இழுத்துக் காட்டினேன். அவர் துண்டை விரித்துக்கொண்டே என் பக்கம் வந்தார்.

பொம்பளைக்கு ஆம்பளை எப்படிப் போர்த்துவது என்று ஒரு சிறு குழப்பம். தலைவர் தன் மனைவியைக் கூப்பிட்டார். "நாயனக்காரவுகளுக்கு நீயே போர்த்து" என்றார். அந்த அம்மா போர்த்திவிட்டதும் அழுதுவிட்டேன். அழுதுகொண்டேதான் வாசித்தேன், கமகம் பிசகவில்லை.

இன்று கொழும்பு மேடைகளிலும் இதே கருவியோடு வாசிக்கிறேன், கைதட்டலும் கிடைக்கிறது. ஆனால் என்னால் முடியுமா என்று தயங்கும்போதெல்லாம், எதிரே இருந்த என்னை விட்டுவிட்டு டிராக்டரைச் சுற்றிச் சுற்றி நாயனக்காரரைத் தேடிய அந்த மனிதரை நினைத்துக்கொள்கிறேன். அதைவிடப் பெரிய பாராட்டை யாரும் எனக்கு இன்னும் தரவில்லை.