காலை மடக்காத விமானம்

மனைவி இறந்த பிறகு வீட்டில் நானும் மகனும்தான். கம்பெனி டிக்கெட் அனுப்பியதால் அவன் மெட்ராஸ் வேலைக்கு விமானத்தில் கிளம்பினான். வழியனுப்ப வடமதுரையிலிருந்து மதுரை விமான நிலையம்வரை போனேன்.

மேலே எழும்பிய பிறகும் சக்கரங்கள் தொங்கிக்கொண்டே இருந்தன. எங்கள் வயலில் கொக்கு இறங்கப்போகும்போதுதான் அப்படிக் காலைத் தொங்கவிடும். ஏதோ கோளாறு, திரும்பி வருகிறான் என்று பயமும் ஆசையுமாக வேலியோரம் நின்றேன். கட்டுச்சோற்றைக்கூடப் பிரிக்கவில்லை.

பொழுது சாயும்போது அங்கே வேலை பார்ப்பவர் வந்து விசாரித்தார். சொன்னேன்.

"பிரேக் சூடாயிருந்தா, காத்துல ஆறட்டும்னு செத்த நேரம் சக்கரத்த வெளியவே விட்டிருப்பாக, பெரியவரே. அது அப்பவே மெட்ராஸ் போயிருக்கும்."

திரும்பும் பஸ்ஸில் தனியாகச் சாப்பிட்டேன்.

இப்போதெல்லாம் அவனை ரயிலேற்றினாலும், வண்டி நகருமுன்பே திரும்பிவிடுகிறேன். பார்த்துக்கொண்டே நின்றால், வந்துவிடுவான் என்று தோன்றிவிடுகிறது.