கட்டிலுக்கு அடியில் தொங்கிய பை

எங்கள் பக்கம் நர்ஸை மிஸ்ஸி என்போம். அந்த மிஸ்ஸியை நினைத்தால் எனக்கு அவருடைய முதுகுதான் முதலில் தெரியும். கட்டிலுக்கு அடியில் தொங்கும் மூத்திரப் பையைப் பார்க்க அவர் குனிவார். நிமிரும்போது முகத்தில் ஒன்றும் காட்ட மாட்டார். அதனால் நான் முதுகையே பார்த்துக்கொண்டிருப்பேன். சட்டென்று நிமிர்ந்துவிட்டால் பை காலி என்று அர்த்தம்.

என் மகளுக்கு அப்போது நாலு வயது. எங்கள் ஊர் நியாலாஸில் வீட்டுக்குப் பின்னால் விளையாடியவள் காலில் செம்பனை முள் குத்தியது. எடுத்துவிட்டு மஞ்சள் வைத்தோம். புண் ஆறுகிற மாதிரிதான் இருந்தது. பிறகு காய்ச்சல். அப்புறம் கை கால் ஜில்லிட்டு, கூப்பிட்டால் கண்ணை மட்டும் திறந்தாள். டவுன் ஆஸ்பத்திரி டாக்டர், கிருமி இரத்தத்தில் பரவி கிட்னி வேலையை நிறுத்திவிட்டது, மூத்திரம் வராவிட்டால் மெஷினில் போட வேண்டும் என்றார். ஆறாம் வகுப்போடு நின்றவள் நான். அந்தச் சின்ன உடம்பில் எங்கே ஊசி குத்துவார்கள் என்பதைத் தவிர வேறெதுவும் மண்டையில் ஏறவில்லை. சர்ச் அக்கா போன் செய்து எதற்காக ஜெபிக்கட்டும் என்று கேட்டபோது, "மூத்திரம் வரணும்னு கேளுங்க" என்றேன்.

மறுநாள் மத்தியானம் என் வீட்டுக்காரர் பிளாஸ்டிக் பையில் இளநீர் கட்டி, ஸ்ட்ரா போட்டு எடுத்து வந்தார். உடம்புச் சூட்டுக்கு எங்கள் பக்கம் அதுதானே மருந்து. பிள்ளையும் உதடு வெடித்துத் தண்ணீர் தண்ணீர் என்று முனகிக்கொண்டிருந்தாள். ஸ்ட்ரா அவள் வாய்க்குக் கிட்டே போய்விட்டது. மிஸ்ஸி ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, பாப்பாவுக்கு வேணாம். அதுல உள்ள உப்பு மூத்திரத்துலதான் வெளியாகணும். இப்ப வழி அடைச்சிருக்கு. நெஞ்சுத் துடிப்ப நிறுத்திரும்."

"இளநீர்ல என்னா உப்பு மிஸ்ஸி? இனிக்குதுலா."

"இனிக்கும். நீங்க குடிங்க. மூஞ்சியப் பாத்தா நீங்கதான் சூட்டுல இருக்கீங்க."

அவர் குடிக்கவில்லை. பையைக் கையில் வைத்துக்கொண்டு வெளி பெஞ்சில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

அடுத்த நாள் காலை மிஸ்ஸி குனிந்தார். நிமிரவில்லை. குனிந்தபடியே கையை ஆட்டிக் கூப்பிட்டார். "அக்கா, நீங்களும் வந்து பாருங்க." தரையில் முட்டி போட்டுப் பார்த்தேன். குழாய்க்குள் கறுப்புத் தேத்தண்ணி நிறத்தில் கொஞ்சம் இறங்கிக்கொண்டிருந்தது. "ரத்தமா மிஸ்ஸி?" என்றுதான் கேட்டேன். "மூத்திரம்க்கா. கொஞ்சந்தான். ஆனா வருது" என்றார். மெஷின் வேண்டியிருக்கவில்லை.

அந்த மிஸ்ஸி இப்போது எந்த ஊரிலோ. மகள் பள்ளிக்கூடம் போகிறாள். கிட்னி நன்றாக இருக்கிறது, ஆனாலும் பிரஷரை விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறார் டாக்டர். அந்த "ஆனாலும்" என்னைத் தூங்க விடுவதில்லை. போன வாரம் அவளுக்கு லேசாகக் காய்ச்சல். பாத்ரூம் கதவுக்கு வெளியே காதை வைத்து நின்றேன். "ம்மா, எதுக்கு நிக்கிறீங்க? போங்கலா" என்று உள்ளேயிருந்து கத்தினாள். குழாய்த் தண்ணீர் விழும் சத்தம் மட்டும்தான் கேட்டது. நான் நகரவில்லை.