காலியாக இருந்த ஜன்னல் சீட்டு

நம்புங்கள் என்று நான் யாரையும் கெஞ்சப் போவதில்லை. நடந்தது எனக்கு. "வெயில்ல மயக்கம் வந்திருக்கும்" என்று சொல்ல வீட்டிலேயே ஆள் இருக்கிறது. என் மாமியார் ஒருவர் போதும், புதிதாக யாரும் வர வேண்டாம்.

இது ராத்திரியில் நடக்கவில்லை. பட்டப்பகலில், ஆள் நெரியும் பஸ்ஸில் நடந்தது.

நானும் என் கணவனும் வேலையை விட்டுவிட்டு, முதுகில் பையை மாட்டிக்கொண்டு நாடு நாடாகச் சுற்றிய வருடம் அது. நான் பிசியோதெரபிஸ்ட். பக்கவாதம் வந்து படுத்தவர்களை எழுப்பி நடக்க வைப்பது என் தொழில். அவன் ஏசி மெக்கானிக். பாதிக் கடையைப் பைக்குள் அடைத்துத் தூக்கி வருவான். அதனால் நான் வைத்த பெயர் மூட்டை.

அன்று ஒரு நாட்டிலிருந்து அடுத்த நாட்டுக்குப் போகும் நாள். விடியும் முன்பே அறையைக் காலி செய்தோம். முதல் பஸ் மலையிறங்கி எங்களை ஒரு சின்ன ஊரில் தள்ளிவிட்டுப் போனது. அங்கே ஒரு தகரக் கொட்டகையில் இரண்டு மணி நேரம் வரிசையில் நின்று, நாட்டைவிட்டு வெளியேறும் முத்திரையை வாங்கினோம். எல்லையைத் தாண்டும் பஸ் கிளம்பும்போது மணி பன்னிரண்டு பத்து. அந்தப் பக்கத்துப் பேச்சு எங்களுக்கு அரைகுறைதான். புரிந்ததை நம் பேச்சில் சொல்கிறேன்.

பஸ்ஸில் நிற்கவே இடமில்லை. ஆனால் இடது பக்கம், பின் சக்கரத்துக்கு மேலே, இரண்டு பேர் உட்காரும் சீட்டு மட்டும் காலியாக இருந்தது. அதை ஒட்டி ஒரு பெரியம்மா, காலுக்கிடையில் கனமான சாக்கை வைத்துக்கொண்டு நின்றார். முகமெல்லாம் வியர்வை. ஆனாலும் உட்காரவில்லை.

கண்டக்டர் மூட்டையை அவன் பையோடு முன்னால் இன்ஜின் பெட்டிமேல் உட்கார வைத்தார். என்னைப் பக்கத்தில் நிற்கச் சொன்னார். நான் அந்தக் காலி சீட்டைக் காட்டினேன்.

"அது வேண்டாம்மா."

"ஏன், உடைஞ்சிருக்கா?"

"உடையல. வேண்டாம்."

காரணம் சொல்லாமல் ஒன்றை வேண்டாம் என்றால், எனக்கு அதுதான் வேண்டும். மற்றவர்கள் கொடுத்த அதே கட்டணத்தைத்தான் நாங்களும் கொடுத்திருந்தோம். போய் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். பெரியம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். சாக்கை இழுத்துக்கொண்டு தள்ளிப் போய் நின்றார்.

முதலில் துப்பட்டா. கழுத்தில் கிடந்தது தலைக்கு ஏறியது. காற்று என்று நினைத்து இறக்கிவிட்டேன். மறுபடி ஏறியது. இந்தத் தடவை நெற்றிவரை வந்து, யாரோ முடிந்துவிட்டதுபோல் காதோரம் இறுகியது. ஜன்னலைப் பார்த்தேன்.

ஜன்னல் மூடியிருந்தது.

பிறகு குளிர். வெளியே வெயில் கொளுத்துகிறது, எல்லோருக்கும் சட்டை நனைந்திருக்கிறது, என் இடது கை மட்டும் சுடுகிறது. வலது பக்கம் முழுக்க ஜில்லென்று இருந்தது. அந்தப் பக்கம் காலி இடம்தான். குனிந்து பார்த்தேன். சீட்டின் மெத்தை மெல்ல அமுங்கியது... புஸ்ஸ்... என்று காற்று வெளியேறும் சத்தம் கேட்டது.

யாரோ உட்கார்ந்தார்கள்.

எழுந்திருக்கப் பார்த்தேன். என் கழுத்துக்குப் பின்னால் ஒரு கை நுழைந்தது. ஆம்பளைக் கை. கன்னத்தில் உள்ளங்கை பதிந்து, என் தலையைப் பக்கவாட்டில் சாய்த்தது. கீழே விழாதபடி ஒரு தோள் தாங்கியது. தினமும் நான் மனிதர்களைத் தாங்கிப் பிடிக்கிறவள். உயிருள்ளவரைத் தாங்கும்போது அவர் அசைவுக்கு நம் கை இடம் கொடுக்கும். அந்தக் கை இடம் கொடுக்கவில்லை. அசையாத ஒன்றை நிமிர்த்தி வைக்கும் பிடி அது.

இரண்டு விரல்கள் என் இமைகளை மூடின.

"இன்னும் கொஞ்ச தூரம்தான்."

காதுக்குள் ஒரு குரல். அழுது அழுது கரகரத்த குரல். எந்த மொழி என்று கேட்காதீர்கள். எனக்குப் புரிந்தது.

மூட்டையைக் கூப்பிட நினைத்தேன். வாய் திறக்கவில்லை. கை வரவில்லை. மூச்சு மட்டும்... அதுவும் நூலாக...

கீ...ரீ...ச். பஸ் நின்றது. எல்லைச் சாவடி.

அங்கே யாரும் இறங்க வேண்டாம், அதிகாரியே ஏறி வந்து பார்ப்பார் என்று சொல்லியிருந்தார்கள். பூட்ஸ் சத்தம் கேட்டது. டக்... டக்... என் அருகில் வந்து நின்றது.

"இவங்க?"

என் தலைக்குப் பக்கத்திலிருந்து வந்தது பதில்.

"தூங்குறா."

டக்... டக்... டக்...

போய்விட்டார்.

பஸ் கிளம்பியது.

அப்போதுதான் எனக்குக் கோபம் வந்தது. பயம் எங்கே போனது என்று தெரியவில்லை. யார் நீ? என் கண்ணை மூட நீ யார்? நான் செத்துவிட்டேன் என்று நீ எப்படி முடிவு செய்தாய்?

என் நோயாளிகளிடம் நான் சொல்வதுண்டு. முழுக்காலையும் தூக்க நினைக்காதீங்க, கட்டை விரல்ல ஆரம்பிங்க.

கட்டை விரல்.

அசை.

...

அசைந்தது.

பாதம். கணுக்கால். முழங்கால். முன் சீட்டின் முதுகுத் தகரத்தில் உதைத்தேன். டங். இன்னொன்று. டங். டங். அந்தக் கை என் வாயைப் பொத்தியது. கடித்தேன். பல் பதிந்தது. உப்புக் கரித்தது. சத்தியமாக.

"நான் உயிரோடதான் இருக்கேன்!"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. முன் சீட்டில் தூங்கிய ஆள் எகிறிக் குதித்தார். மூட்டை ஆட்களைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தான். கண்ணைத் திறந்தேன். பக்கத்து இடம் காலி. மெத்தையின் பள்ளம் மட்டும் மெல்ல மேலெழும்பிக்கொண்டிருந்தது. மடியில் என் பாஸ்போர்ட். உள்ளே நுழையும் முத்திரை, மை காயாமல் இருந்தது. பாஸ்போர்ட்டை நான் பைக்குள்ளிருந்து எடுக்கவே இல்லை.

கண்டக்டர் என்னை எழுந்து வரச் சொன்னார். மூட்டையும் கையைப் பிடித்து இழுத்தான்.

மாட்டேன் என்றேன்.

"பைத்தியமா உனக்கு? எழுந்திருடி."

"நான் எழுந்தா அவன் ஜெயிச்ச மாதிரி. நீ உக்காரு. இங்க, என் பக்கத்துல."

என் முகத்தைப் பார்த்தான். ஏழு வருடமாக என்னோடு குடித்தனம் நடத்துகிறவன். பக்கத்தில் உட்கார்ந்தான். கொஞ்ச தூரம் போனதும் மெதுவாகச் சொன்னான், யாரோ தன்னை நெட்டித் தள்ளுவதுபோல் இருக்கிறது என்று.

"நகராத" என்றேன்.

அவன் நகரவில்லை. கடைசி நிறுத்தம்வரை நான் இமைக்கக்கூட யோசித்தேன். ஐந்தரை மணிக்குப் பஸ் நிலையத்தில் இறங்கினோம்.

அங்கே டீக்கடை பெஞ்சில் பெரியம்மா சாக்கோடு உட்கார்ந்திருந்தார். விட்டுவிடு, அறைக்குப் போகலாம் என்றான் மூட்டை. நான் விடவில்லை. நேராகப் போய் எதிரில் உட்கார்ந்து கேட்டேன். அவர் டீயை முழுக்கக் குடித்து முடித்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

மூன்று வருடத்துக்கு முன்பு, இதே பஸ்ஸில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் வந்தார்களாம். அந்தப் பெண்ணுக்கு உடம்பு முடியாமல், சொந்த ஊருக்கே கூட்டிப் போனாராம். சாவடி வருவதற்குக் கொஞ்சம் முன்னால் அவள் தலை தொங்கிவிட்டது. மூச்சும் இல்லை. பிணம் என்று தெரிந்தால் எல்லையைத் தாண்ட விட மாட்டார்கள், நாள் கணக்கில் அங்கேயே போட்டுவிடுவார்கள். அந்த மனிதர் ஒவ்வொருவர் காலையும் தொட்டுக் கெஞ்சினார். எல்லோரும் இரக்கப்பட்டு வாயை மூடிக்கொண்டார்கள். அவர் அவள் தலையில் முக்காடு போட்டு, தோளில் சாய்த்துப் பிடித்துக்கொண்டார். தூங்குகிறாள் என்று அதிகாரியிடம் சொன்னார். பஸ் தாண்டிவிட்டது.

அங்கிருந்து நாலு மணி நேரம் ஓடி இந்த ஊருக்கு வந்ததும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருக்கிறார்கள். டாக்டர் பார்த்துவிட்டு, உயிர் போய் அரை மணி நேரம்கூட ஆகவில்லை என்றாராம்.

அதைக் கேட்டு வெளியே நடந்த மனிதர், வந்த லாரியைப் பார்த்துக்கூட நிற்கவில்லையாம்.

பெரியம்மா எழுந்து சாக்கைத் தோளில் ஏற்றினார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"அன்னைக்கு அவங்களுக்கு முன் சீட்டுல இருந்தது நான்தாம்மா. வழி பூரா முதுகுல ஏதோ மெல்லத் தட்டிக்கிட்டே இருந்துச்சு... ரோடு சரியில்லன்னு நினைச்சேன்."