முதல் பாடத்தில் ஒரு பெயர்

பிள்ளைகள் தமிழில் புரோகிராமிங் படிக்க நாங்கள் சிலர் ஒரு இலவச வெப்சைட் நடத்துகிறோம். பாடங்களை யாரும் திருத்தலாம், யாரும் நகலெடுத்துக்கொள்ளலாம். முதல் பாடத்தில், பிள்ளைகள் எண்டரைத் தட்டியதும் திரையில் வரவேண்டிய வரி, ‘வணக்கம் உலகமே’. அதை யாரோ ‘வா சௌமியா’ என்று மாற்றிக்கொண்டே இருந்தார்கள். நான் அழிப்பேன், மறுநாள் திரும்ப வந்துவிடும். பொறுக்க முடியாமல், நேரில் பேசலாம் என்று எழுதிப் போட்டேன்.

மாற்றியவர் வேலம்பாளையத்தில் ஒரு பேக்கரிக்கு வரச் சொன்னார். பனியன் கம்பெனி டைலர். புருவத்திலும் காதோர முடியிலும் பஞ்சு ஒட்டியிருந்தது. உட்காருமுன் பக்கத்து நாற்காலியைத் துண்டால் துடைத்துக் காலியாக விட்டார். மூன்று டீ சொன்னார்.

“யாருங்க சௌமியா?” என்றேன்.

“என்ற மகளுங்க. அவ செத்ததுக்கப்பறம் நான் கூப்பிட்டா வர்றதில்லீங்க. அவ வயசுப் புள்ளைக கூப்பிட்டா வந்தர்றாளுங்க.”

மூன்றாவது டீயில் ஆடை படிந்துகொண்டிருந்தது.

“அது பாடமுங்க. நான் அழிச்சாகணும்.”

“அழிச்சுக்குங்க,” என்றார் சிரித்தபடி. “அதுக்குள்ள நெறையப் பேரு எடுத்துட்டுப் போயிட்டாங்களே.”

அன்றே அழித்தேன். அவர் அதன்பிறகு மாற்றவே இல்லை. எந்தெந்தப் பள்ளிக்கூடத்தில் அந்த நகல் இருக்கிறதோ, எந்தப் பிள்ளை இந்நேரம் எண்டரைத் தட்டுகிறதோ, எனக்குத் தெரியாது.

இப்போதெல்லாம் ஆபீசில் பக்கத்து நாற்காலி மேல் நான் பை வைப்பதில்லை.