மறுபக்க விலா

அபுதாபியில் நடந்த வேட்டைக் கண்காட்சியில் எனக்கு விளக்கு மாட்டும் டூட்டி. துப்பாக்கிக் கடை ஒன்றில் விற்பனைக்கு நின்றவர் நாகர்கோவில்காரர். நரைத்த மீசை, சத்தம் போடாத குரல். ஒன்பது புள்ளி மூன்று, முந்நூற்று எழுபத்தைந்து என்று இரண்டு ரகத் தோட்டாக்களை மேசையில் நிறுத்தி வைத்து, பேசும்போதெல்லாம் அவற்றின் தலையைத் தடவிக்கொண்டே இருப்பார்.

ஆப்பிரிக்காவுக்கு வேட்டைக்குப் போகும் அரபி ஒருவர் வந்து, காட்டெருமைக்கு எது சரி என்று கேட்டார். இவர் ஏணியில் நின்ற என்னைப் பார்த்தார்.

"தம்பி, இறங்கி வந்து ஒரு நிமிசம் சைடா நில்லுங்க."

எதையோ பிடிக்கச் சொல்கிறார் என்று நினைத்து நின்றேன். என் கையை மெதுவாகத் தூக்கி, அக்குளுக்குக் கீழே விரலை ஊன்றினார். அரபியில் சொன்னதையெல்லாம், எனக்குப் புரியாதே என்ற மரியாதையில், தமிழிலும் சொன்னார்.

"ஒம்பது மூணுக்குத் தோள்ல உதை கம்மி, தம்பி. இங்க நுழைஞ்சா உள்ளயே நின்னுரும். முந்நூத்தி எழுபத்தஞ்சுக்கு வேகம் ஜாஸ்தி. அந்தப் பக்கம் வந்துரும்."

இன்னொரு விரல் என் மறுபக்க விலாவைத் தொட்டது. அரபி சுற்றி வந்து அந்த இடத்தைக் குனிந்து பார்த்தார். என் முகத்தை இருவருமே பார்க்கவில்லை.

அரபி போனதும், கசங்கிய என் சட்டையை இவர் நீவிவிட்டார். டீ வாங்கித் தந்தார்.

"எதை எடுத்தாரு அண்ணே?"

"வெளிய வாரத."

நல்ல மனிதர்தான். ஆனால் லேபர் கேம்ப்பில் குளிக்கப் போனால், அந்த விலாவை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுத்தான் என் கை சோப்பை எடுக்கிறது.