அகத்தாவின் நீலப் புள்ளிகள்

கெடாவில் பாடாங் மேஹா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய இஞ்ஞாசிமுத்துவின் மகள் அகத்தா, பள்ளியின் கடைசி வகுப்பான ஆறாம் படிவம் முடித்ததும் டீச்சராகிவிடுவாள் என்றுதான் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் எல்லாரும் நினைத்தார்கள். அவளோ சுங்கை பட்டாணியில் ஒரு கால்நடை ஆய்வுக்கூடத்தில் போய்ச் சேர்ந்தாள். கோழி முட்டைக் கருவிலிருந்து செல்களைப் பிரித்துத் தட்டில் வளர்ப்பது அவள் வேலை. கொஞ்சம் அசந்தாலும் பூஞ்சை பிடித்துவிடும். அகத்தாவின் தட்டில் மட்டும் அது எட்டிப் பார்க்காது.

எண்பத்தெட்டில் ஒருநாள் ஆய்வுக்கூடத் தலைவர் டாக்டர் அரியரத்தினம் அவளைக் கூப்பிட்டார். அலோர் ஸ்டாரில் குடியேறிய யாழ்ப்பாணக் குடும்பத்துக்காரர்.

“கோழி அம்மைத் தடுப்பூசி வைரஸை ஒரு லாரி எண்டு வையும், பிள்ளை. கழிச்சல் நோய் வைரஸின்ர ஒரு சின்ன மரபணுத் துண்டை அதில ஏத்தப் போறம். ஒரே ஊசி, ரெண்டு நோய்க்கும் தடுப்பு.”

ஏற்றுவதைவிட, ஏற்றிக்கொண்டதைப் பொறுக்குவதுதான் பெரும்பாடு. வைரஸ் செல்களை அழித்த இடம் தட்டில் புள்ளியாகத் தெரியும். துண்டோடு ஓர் அடையாள மரபணுவையும் சேர்த்து ஏற்றியிருந்ததால், சாயம் ஊற்றினால் துண்டைச் சுமக்கும் வைரஸின் புள்ளி மட்டும் நீலமாகும், மற்றவை வெள்ளையாகவே இருக்கும். அந்த நீலத்தை உறிஞ்சி எடுத்து, புதுத் தட்டில் வளர்த்து, மறுபடி நீலத்தையே எடுக்க வேண்டும். வெள்ளை அறவே மறையும்வரை இதே பாடு.

கோழிகளுக்குப் போட்டுப் பார்க்க நாள் குறித்தாயிற்று. கோலாலம்பூரிலிருந்து அதிகாரிகள் வருவதாக இருந்தது. அந்த நேரம் பார்த்து, கடைசித் தட்டின் ஓரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி. அகத்தா தட்டை எடுத்துக்கொண்டு அரியரத்தினத்திடம் போனாள்.

“ஒண்டுதானே?” என்றார் அரியரத்தினம்.

“ஒண்ணு தெரியுது சார், உள்ளுக்கு எத்தனை இருக்கோ! துண்டு ஏறாத வெறும் வைரஸ்தான் வேகமா வளரும்லா. நம்ம வைரஸை முந்திடும். அப்புறம் கோழிக்குப் போடுறது பழைய அம்மை ஊசிதான்.”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு தொலைபேசியை எடுத்து, நாளைத் தள்ளிப்போடச் சொன்னார். மறுமுனையில் விழுந்த ஏச்சையெல்லாம் அவரே வாங்கிக்கொண்டார். அகத்தாவின் பெயரை வெளியே விடவில்லை.

அவள் முதலிலிருந்து தொடங்கினாள். இரண்டுமுறை மறுபடியும் வெள்ளை எட்டிப் பார்த்தது. கெடாவில் வெள்ளிதான் வார விடுமுறை, ஆனால் செல்களுக்கு விடுமுறை ஏது? பெரிய வெள்ளிக்கிழமையன்று அவள் கிளம்பியபோது அம்மா அழகம்மா வாசலை மறித்தாள்.

“சாமி செத்த நாள்ல வேலைக்குப் போறியாடி?”

“சாயம் ஊத்திட்டேன்மா, இன்னிக்குப் பார்த்தே ஆகணும். மூணு மணிக்குக் கோயில்ல இருப்பேன்.”

பூட்டிய கட்டடத்தைத் திறந்து, தட்டுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்தாள். நீலம். அடுத்ததிலும் நீலம். எல்லாவற்றையும் திரும்ப ஒருமுறை பார்த்தாள். ஓரம் சாரம் எங்கும் வெள்ளை இல்லை. முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

சோதனைக்காகக் கழிச்சல் கிருமியை ஏற்றிப் பார்த்தபோது, அந்த வைரஸைப் போட்ட கோழிகள் நோய்க்கு அசையவில்லை. நாலைந்து மட்டும் இரண்டு நாள் சோர்ந்து கிடந்து தேறின. ஊசி போடாதவை ஏறக்குறைய எல்லாமே மடிந்தன. அதிகாரிகள் அரியரத்தினத்தின் கையைக் குலுக்கினார்கள். அவர் அகத்தாவை முன்னே அழைத்தார்.

“இவ நிப்பாட்டச் சொன்னதாலதான் இது நடந்தது,” என்றார்.

அந்த ஊசி கடைக்கு வர இன்னும் எத்தனையோ சோதனைகள் பாக்கி இருந்தன. மறுவாரமே அகத்தா அடுத்த தட்டுகளுக்கு முட்டை உடைக்க உட்கார்ந்துவிட்டாள்.