இடைவேளையில் காட்டிய ஜவுளிக்கடை

ஆலங்குடியில் மாமா ஜவுளிக்கடை போட்டபோது தன் பெயரையே கடைக்கும் வைத்தார். அதில் அத்தைக்கு இருந்த சிக்கலை அவர் யோசிக்கவேயில்லை. புருஷன் பெயரை வாயால் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பதில் எங்கள் வீட்டுப் பெண்களுக்குச் சந்தேகமே கிடையாது. அக்கம்பக்கத்தில் பேசும்போது அத்தை 'அவுக கடை' என்பாள். கேட்கிறவர்கள் வீட்டிலும் ஓர் 'அவுக' இருந்ததால் யாருக்கும் கடை பிடிபடவில்லை.

தீபாவளி நெருங்கியும் சேலைகள் கட்டுப் பிரிக்காமல் கிடந்தன. இந்தத் தடவையும் ஓடாவிட்டால் கடையைச் சாத்திவிட்டு மலேயாவுக்குக் கப்பலேறப் போவதாக மாமா சொல்லிவிட்டார். அத்தை என்னிடம் மலேயா எவ்வளவு தூரம் என்று கேட்டுக்கொண்டேயிருந்தாள். பூகோளம் படித்த திமிரில் நான் விரிவாகவே சொன்னேன்.

கடைசி முயற்சியாக மாமா டூரிங் டாக்கீஸில் ஸ்லைடு போட்டார். அதைப் பார்க்கத்தான் அத்தையும் நானும் போய்ப் பெண்கள் பக்கம் மணலில் உட்கார்ந்தோம். இடைவேளையில் சேலை கட்டிய பெண்ணின் படமும் கீழே கடைப் பெயரும் திரையில் விழுந்தன. முன்னாலிருந்த ஒருத்தி அத்தையிடம் திரும்பினாள்.

"ஏத்தா, சேலை நல்லா இருக்கே. என்ன கடைன்னு போட்டிருக்கு?"

"எங்க கடைதான்."

"கடைத்தெருவுல வந்து 'எங்க கடை' எங்கிட்டு இருக்குன்னா கேக்கச் சொல்ற? பேரச் சொல்லுத்தா."

அத்தை என் தொடையைக் கிள்ளினாள். என் வாயில் கடலை மிட்டாய். பல்லோடு பல் ஒட்டிக்கொண்டு திறக்க வரவில்லை. ஸ்லைடு நகரத் தொடங்கியது. அத்தை சொல்லிவிட்டாள். இனிஷியலோடு முழுப்பெயரையும், கடைசி வரிசை வரை கேட்கும்படி.

முறுக்குக் கடிக்கும் சத்தம்கூட நின்றது.

"அடி ஆத்தி, அது அவ புருசன் பேருல்ல" என்றாள் தெரிந்தவள் ஒருத்தி.

"எம் புருசன் கடை வைக்கட்டும், நானும் சொல்றேன்" என்றாள் இன்னொருத்தி. பெண்கள் பக்கம் முழுக்கச் சிரிப்பு.

மறுவாரமே கூட்டம் வந்தது. பேர் சொன்னவளைப் பார்க்க வந்தவர்கள் சேலையையும் பார்த்தார்கள். 'பேரு சொன்னவ கடை' என்றே ஊரில் வழங்கியது. மாமா மட்டும் எல்லாம் ஸ்லைடு செய்த வேலை என்று நம்பி அடுத்த படத்துக்கும் சொல்லிவைத்தார். மலேயாப் பேச்சு நின்றுபோயிற்று.

அத்தையோ வெள்ளிக்கிழமைகளில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் கோயிலுக்கு நடந்தாள். மாமா தும்மினால் அடுப்பை விட்டு ஓடிவந்து அவர் முகத்தைப் பார்ப்பாள். சாப்பிடக் கூப்பிட்டால், "பசிக்கலடி" என்பாள். வியாபாரம் நடக்கிற பூரிப்பில் பசி அடங்கிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, அவள் பங்குப் பணியாரத்தையும் நானே தின்றேன்.